மறு: முடக்குவாதத்துக்கு ஏன் எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள்?

வணக்கம் சகோதரி. விரல் மூட்டு வீங்கியதற்கு எடையைக் குறைக்கச் சொன்னால் குழப்பமாகத்தான் இருக்கும். உங்கள் மேல் பழி போடுவதாக நினைக்காதீர்கள். கொழுப்புத் திசு வெறும் சேமிப்பு அல்ல, ஹார்மோன்களும் சுரக்கிறது. அவற்றில் ஒன்றான, 1994-ல் கண்டறியப்பட்ட லெப்டின் பசியை அடக்குவதோடு நிற்பதில்லை. முடக்குவாதத்தில் நம் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்குகிறது; லெப்டின் அந்த மண்டலத்தின் வெள்ளையணுக்களில், அழற்சியைத் தூண்டும் டி செல்களை ஊக்குவிக்கிறது, அவற்றை அடக்கிவைக்கும் டி செல்களின் பெருக்கத்தைத் தடுக்கிறது. உடலில் கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடும். கொழுப்புத் திசுவின் இன்னொரு ஹார்மோனான அடிப்போனெக்டின் இன்னும் சிக்கலானது: இரத்தக் குழாய்களுக்கு நல்லது என்று பெயரெடுத்தது, மூட்டுக்குள் அழற்சியை வளர்க்கவும் செய்யும்.

நீங்கள் கேட்ட லெப்டின் பரிசோதனை வேண்டாம், அதை வைத்து யாரும் சிகிச்சையை மாற்றுவதில்லை. எடை குறைந்தால் மருந்து நன்றாக வேலை செய்ய வாய்ப்புண்டு. அதற்காக முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.