ஏழா, இருபத்து மூன்றா?

கேள்வி: ஐயா, நான் ஏற்காடு மலைக் கிராமத்துப் பையன். சேலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டேன். இங்கே இருக்கும் மலையாளி பழங்குடி மக்களுக்கு அரசுத் திட்டங்கள் எப்படிப் போய்ச் சேருகின்றன, எங்கே நின்றுபோகின்றன என்று பிஎச்.டி. செய்ய ஆசை. கைடாக இரண்டு பேரை மனதில் வைத்திருக்கிறேன். ஒருவருக்கு ஹெச்-இண்டெக்ஸ் 23, இன்னொருவருக்கு 7. கண்ணை மூடிக்கொண்டு 23 பக்கம் போ என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா?
- பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு போங்க தம்பி. முதலில் அந்த எண் என்னவென்று பார்த்துவிடுவோம். ஒருவரின் எத்தனை கட்டுரைகள் தலா அத்தனை தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்பதுதான் ஹெச்-இண்டெக்ஸ். ஒருவர் எழுதிய ஆறு கட்டுரைகளை மற்றவர்கள் 40, 12, 6, 5, 3, 1 தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கட்டுரைகள் தலா நான்கு தடவையாவது வாங்கிவிட்டன. ஐந்தாவதற்கு 5 வேண்டும், இருப்பதோ 3. ஆகவே அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 4. முதல் கட்டுரை 40-க்குப் பதில் 400 வாங்கியிருந்தாலும் அதே 4 தான்! 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் சொன்ன கணக்கு இது. இயற்பியல்காரர்களை எடைபோடச் செய்த தராசை நாம் எல்லாக் கடையிலும் தூக்கி வைத்துவிட்டோம்.

இன்னொன்று, இந்த எண் வயதோடு ஏறும், இறங்கவே இறங்காது. 23 வைத்திருப்பவர் முப்பது வருஷமாக எழுதுகிறாரா, 7 வைத்திருப்பவர் ஆறு வருஷத்துக்கு முன்புதான் ஆரம்பித்தாரா என்று முதலில் பாருங்கள். எங்கே பார்த்த எண் என்பதும் முக்கியம். ஆய்வுகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர், புத்தகம், அறிக்கை, ஆய்வேடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும், ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளம் தான் தேர்ந்தெடுத்த இதழ்களையே பெரும்பாலும் எண்ணும், அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் வரும்.

சமூகக் கொள்கையில் வேலை செய்பவர்களுக்கு இதில் நஷ்டம் அதிகம். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் நம்ம சேலத்தில்தான் ஆரம்பித்தது. அதைப் பற்றி ஒருவர் ஊர் ஊராக அலைந்து தமிழில் ஒரு அறிக்கை எழுதி, அதைப் படித்த அதிகாரி நடைமுறையில் ஏதோ ஒன்றை மாற்றியிருந்தால்கூட அவருடைய ஸ்கோப்பஸ் கணக்கில் ஏறுவது பூஜ்யம்.

சரி, அப்புறம் எதைப் பார்ப்பது? யாரோடு சேர்ந்து எழுதுகிறார் என்று பாருங்கள். என்னைக் கேட்டால் உங்களுக்கு எண்ணைவிட இதுதான் முக்கியம். இணை ஆசிரியர்கள் எத்தனை பேர் என்ற கணக்கில் மயங்கிவிட வேண்டாம். 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றிய ஒரு இயற்பியல் கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுரை என்று எண்ணுவதா, 5,154-ல் ஒரு பங்கு என்று எண்ணுவதா என்பதே பெரிய தகராறு. இரண்டு பேருடைய கட்டுரைப் பட்டியலையும் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பழைய மாணவர்களின் பெயர் இருக்கிறதா? மலை ஏறி வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்தவர் ஆசிரியர் வரிசையில் இருக்கிறாரா, அல்லது கடைசியில் 'நன்றி' என்ற ஒரு வரியோடு சரியா? (பெயர் முதலில் வரவில்லையே என்று மட்டும் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள், பொருளாதாரத்தில் அகரவரிசையில் போடுவது வழக்கம்.) அதே நான்கு பேர் மாறி மாறி ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தால், அது மொய் எழுதுவது மாதிரி, இன்றைக்கு நான் வைத்தேன், நாளைக்கு நீ வை.

கடைசியாக, இருவரிடமும் பிஎச்.டி. முடித்த ஆளைத் தேடிப்பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். கைடு கூப்பிட்டால் போன் எடுப்பாரா, அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை மாதத்தில் திருப்பித் தருவார் என்பதெல்லாம் எந்த இண்டெக்ஸிலும் வராது.

கேள்வி: பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை வெளிவரும், மேற்கோளும் ஏற்றித் தருகிறோம் என்று என் மகளுக்கு மெயில் வருகிறது. கட்டலாமா?
- ஒரு தாய், அஸ்தம்பட்டி

பதில்: வேண்டாம்மா. பத்து நாளில் யாரும் கட்டுரையைப் படித்துத் திருத்த மாட்டார்கள். மேற்கோளை விலைக்கு விற்பவர்கள் உங்கள் மகள் பெயரையும் நாளைக்கு இன்னொருவர் கட்டுரையில் சொருகி விற்பார்கள். எந்த இதழ் சரி என்று பார்க்க பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த கேர் பட்டியலும் 2025-ல் நிறுத்தப்பட்டுவிட்டது, இனி விசாரிப்பது அவரவர் பாடு. அவர் படிக்கிற துறையில் பெரியவர்கள் எந்த இதழில் எழுதுகிறார்கள் என்று பார்த்து அங்கே அனுப்பச் சொல்லுங்கள். ஆறு மாதம் ஆகும், திருப்பியும் அனுப்புவார்கள், பரவாயில்லை.

கேள்வி: மேற்கோள் அதிகம் என்றால் நல்ல ஆய்வு என்றுதானே அர்த்தம்?
- ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரையை 2010-ல் இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கு இருக்கும் மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில், பாதிக்கு மேல் அது தவறு என்று சொல்லத்தான். திட்டினாலும் எண்ணிக்கையில் சேரும் சார்.