மீன்பிடி ராடு கட்டுவதற்குத் தரமான லேத்தை (கடைசல் எந்திரத்தை) எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெங்களூரு பீன்யாவில் கடைசல் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாள்களில் நண்பர்களுக்கு மீன்பிடி ராடு கட்டிக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ராடு கட்டும்போது மூன்று வேலைகளுக்குச் சுழற்சி தேவைப்படுகிறது. கார்க் பிடியைக் கடைந்து வடிவமாக்குவது, கைடுகளை (தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களை) நூலால் சுற்றிக் கட்டுவது, நூலின் மேல் பூசிய எபாக்சி என்ற பிசின் இறுகும்வரை ராடைச் சுழற்றிக்கொண்டே இருப்பது. முதல் வேலைக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று அளவில் வேண்டும். கடைசி வேலைக்குப் பத்துச் சுற்றே போதும். இவை அனைத்தையும் ஒரே எந்திரத்தில் செய்துவிட நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு என்பது என் கருத்து. பிடி கடைவதற்கு நல்ல லேத் ஒன்றை வாங்கிவிட்டு, உலர்த்துவதற்குத் தனியாக ஒரு சிறிய மோட்டார் வைத்துக்கொள்ளுங்கள்.

லேத் வாங்கப் போகும்போது, மோட்டாரின் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் ஹெட்ஸ்டாக்கின் (லேத்தில் பொருளைச் சுழற்றும் தலைப்பகுதியின்) நடுத்துளையை அளந்து பாருங்கள். பிடியை பிளாங்கின் (பிடியும் கைடும் பொருத்தாத வெறும் ராடுத் தண்டின்) மேல் ஒட்டிய பிறகு கடைய வேண்டுமானால், ஏழடி நீளமுள்ள பிளாங்க் அந்தத் துளை வழியாகப் பின்புறம் வெளியே வந்தாக வேண்டும். பரவலாகக் கிடைக்கும் சிறிய உலோக லேத்துகளில் இந்தத் துளை ஏறத்தாழ 20 மி.மீ. இருக்கும், சிறிய மர லேத்துகளில் பெரும்பாலும் அதில் பாதிதான். துளை போதாவிட்டால், பிடியை ஒரு கம்பியில் கோத்துத் தனியாகக் கடைந்து, பின்னர் பிளாங்கில் ஏற்றலாம். அரை அங்குல கார்க் வளையங்கள் பதினெட்டைச் சேர்த்து ஒட்டினால் ஒன்பது அங்குலப் பிடி வரும். அதற்கு 350 மி.மீ. நீள லேத் தாராளம்.

பொருளைத் தாடைகளால் இறுக்கிப் பிடிக்கும் சக் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கார்பன் பிளாங்க் உள்ளே வெறும் குழாய். மூன்று இரும்புத் தாடைகள் மூன்று இடத்தில் அழுத்தினால், வெளியே தெரியாத ஒரு கீறல் விழுந்து, பெரிய மீன் இழுக்கும் நாளில்தான் அது முறியும். ஆகவே ரப்பர் பதித்த தாடைகளே நல்லது. இல்லையென்றால் மாஸ்கிங் டேப்பை நாலைந்து சுற்றுச் சுற்றி, கை இறுக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையிலேயே நேரான கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து, டயல் கேஜ் (சிறு ஆட்டத்தையும் அளந்து காட்டும் கருவி) வைத்துச் சுழற்றிப் பார்ப்பது அவசியம். அங்கே தெரியும் சிறு ஆட்டம், சக்கிலிருந்து தள்ளிப் போகப் போகப் பெரிதாகும். ஹெட்ஸ்டாக்கின் பின்னால் நீண்டிருக்கும் பகுதிக்கு உருளை வைத்த தாங்கிகள் குறைந்தது இரண்டு வேண்டும். தாங்கி இல்லாமல் வேகத்தைக் கூட்டினால் பிளாங்கின் நுனி சாட்டையைப் போல வீசும்.

நூல் சுற்றுவதற்கு மிதிப்பலகையுள்ள தையல் மோட்டார் நன்றாக உதவும். விரலிடுக்கில் ஓடும் நூல் ஒரு சுற்றோடு அடுத்த சுற்றை ஒட்டி அமர்கிறதா என்று பார்த்துக்கொண்டே வேகத்தைக் காலால் குறைக்க முடிவது பெரிய வசதி. மிகக் குறைந்த வேகத்தில் திணறி நின்று, பிறகு துள்ளி ஓடும் மோட்டார் இந்த வேலைக்கு ஆகாது. அமெரிக்காவிலிருந்து ராடு லேத் வரவழைப்பவர்கள், அது 110 வோல்ட்டில் ஓடுவதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

உலர்த்துவதற்கு, மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டாரே போதுமானது, பெங்களூரு எஸ்.பி. சாலைக் கடைகளில் கிடைக்கும். சென்ற ஆண்டு மே மாத மழையில் மின்சாரம் போய், அரைமணி நேரம் ராடு அசையாமல் நின்றுவிட்டது. எபாக்சி கைடின் அடியில் இறங்கி, கண்ணீர்த்துளி போல உறைந்திருந்தது. அந்த நூல்கட்டு முழுவதையும் அறுத்தெடுத்து மறுபடியும் கட்டினேன். அந்த மோட்டாருக்கு நான்கைந்து வாட்டுக்கு மேல் தேவையில்லை என்பதால், இப்போது அதை இணைய ரௌட்டருக்காக வைத்திருக்கும் 230 வோல்ட் யு.பி.எஸ்ஸிலேயே இணைத்திருக்கிறேன்.