புராஸ்டேட் மாத்திரையும் தலைச்சுற்றலும்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் 0.4 மி.கி. தொடங்கி நாலு நாள் ஆகிறது. ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். டாம்சுலோசின் போன்ற ஆல்ஃபா பிளாக்கர் மருந்துகள் சிறுநீர்ப்பை வாயின் தசையைத் தளர்த்தும்போது ரத்தக்குழாய்களும் சற்றுத் தளர்கின்றன. எழுந்ததும் ரத்தம் காலில் தேங்கி, கண் இருட்டுகிறது. இதே வகையைச் சேர்ந்த பிராசோசினில் முதல் மாத்திரைக்கே மயங்கி விழுபவர்கள் உண்டு. அதனால்தான் அதைக் குறைந்த அளவில், படுக்கப்போகும் நேரத்தில் தொடங்குவார்கள்.

பி.பி. கருவி இருந்தால் 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் மறுபடியும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்த எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். பி.பி. மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றில் கொடுத்தால் டாம்சுலோசின் ரத்தத்தில் வேகமாக ஏறும். தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி கழித்துக் கொடுங்கள். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் இருந்துவிட்டு எழட்டும். சிறுநீரையும் உட்கார்ந்தே கழிக்கட்டும்.

படுக்கையில் புரளும்போதே அறை சுழன்றால் அது உள்காதுப் பிரச்னையாக இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.