அமெரிக்காவில் பழைய குப்பைக் கிடங்குகளின் வாயுவுக்கு ஏன் கட்டுப்பாடு?

புதைத்த குப்பையிலிருந்து காற்று எப்படி மாசுபடும்? நியாயமான கேள்விதான். வாய் கட்டிய குப்பைப் பை இரண்டு நாளில் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கிடங்கிலும் அதே கதை: காற்றில்லாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் குப்பையைச் சிதைக்க, வாயு கிளம்புகிறது. ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு, கூடவே கொஞ்சம் நச்சு ஆவிகள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2016 விதிப்படி, குறைந்தது 25 லட்சம் டன் கொள்ளளவுள்ள, இன்னும் குப்பை வாங்கும் பழைய கிடங்குகளிலிருந்து வெளியேறும் ஆவிகளுக்கு வரம்பு ஆண்டுக்கு 34 டன், முன்பு 50. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கில் மீத்தேன் சேராது, மற்ற கரிம ஆவிகள் மட்டுமே. வரம்பை எட்டினால் குப்பைக்குள் குழாய்க் கிணறு இறக்கி, வாயுவை உறிஞ்சி எரிக்க வேண்டும், மின்சாரமும் எடுக்கலாம். அப்போது மீத்தேனும் சேர்ந்தே பிடிபடும்.

கிடங்கை மூடினால் வாயு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மூடிய பிறகும் அது பல பத்தாண்டுகள் கசியும்.