மன்னித்த பிறகும் வலிக்கிறதே

அன்புள்ள அண்ணா, ஸ்தோத்திரம்.

சின்ன வயதில் அப்பா என்னை "எதற்கும் லாயக்கில்லாதவள்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். அவரை மன்னித்துவிட்டதாக ஆண்டவரிடம் எத்தனையோ முறை அழுது ஜெபித்துவிட்டேன். ஆனாலும் போனில் அவர் பெயரைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. "உண்மையாகவே மன்னித்திருந்தால் வலி போயிருக்கும், உன் விசுவாசத்தில்தான் குறை" என்கிறார்கள் ஜெபக்குழுவில். நான் இன்னும் மன்னிக்கவே இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மன்னித்திருக்கிறீர்கள். அதில் சந்தேகம் வேண்டாம். ஜெபக்குழுவில் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள், ஆனால் வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை.

யோசேப்பையே பாருங்கள். 17 வயதுப் பையனைக் கூடப்பிறந்தவர்களே விற்றார்கள். பிறகு எகிப்தில் பெரிய அதிகாரியாகி, மூத்த மகன் பிறந்தபோது, என் வருத்தத்தையெல்லாம் தேவன் மறக்கப்பண்ணினார் என்று சொல்லி மனாசே என்று பெயர் வைத்தார். அத்தோடு முடிந்தது என்றுதான் அவரும் நினைத்திருப்பார். அப்புறம் பஞ்சம் வந்தது, தானியம் வாங்க அந்த அண்ணன்மாரே வந்து நின்றார்கள். அன்றைக்குத் தம்பி கெஞ்சியும் கேட்காமல் போனோமே என்று, இவருக்குத் தங்கள் பேச்சு புரியாதென நினைத்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். யோசேப்பு அப்பால் போய் அழுதார். விற்கப்பட்டு ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆன பிறகும் அந்த அழுகை! தன் தம்பி பென்யமீனைக் கண்டபோது மறுபடியும் அறைக்குள் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். முகம் கழுவியதைக்கூட விடாமல் எழுதிவைத்திருக்கிறது ஆதியாகமம். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அந்தக் கண்ணீரை அவிசுவாசம் என்று வேதத்தில் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் உடனே தன்னை யாரென்று சொல்லிவிடவில்லை. சோதித்துப் பார்த்தார். பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன்மாரில் ஒருவரான யூதா முன்வந்த பிறகுதான் மனம் திறந்தார். அப்பாவை மன்னிப்பது வேறு, அவர் மறுபடி குத்திப் பேச இடம் கொடுப்பது வேறு. எல்லா அழைப்பையும் நீங்கள் எடுத்தாக வேண்டும் என்பதில்லை.

ஜெபத்தில் "மன்னித்துவிட்டேன் ஆண்டவரே" என்று சட்டென்று முடித்துவிடாதீர்கள். அப்பா என்ன சொன்னார், யார் முன்னால் சொன்னார், அன்றிரவு எப்படி இருந்தது என்பதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு சொல்லுங்கள். 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள், கடைசி வரியில்கூட ஆறுதல் கிடையாது. அதுவும் ஜெபம்தான்.

வயிற்றைப் பிசைவதும் தூக்கம் கெடுவதும் தொடர்ந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதை விசுவாசக் குறைவு என்று நினைக்காதீர்கள். பவுலே தன்னோடு இருந்த லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்றுதானே எழுதினார்?

ஜெபக்குழுவில் இனி இதைப் பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். அவசரப்படுத்தாமல் கேட்கிற ஒருவர் போதும். அப்படி யாரும் இல்லையென்றால் எனக்கே எழுதுங்கள்.