சாவி கொடுத்தார்கள், பயிற்சி கொடுக்கவில்லை

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து லயங்களை உடைத்துவிட்டு 42 வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். பின்புறம் ஒரு சின்ன கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது. அதில் காற்றடிக்கும் ப்ளோவர் நின்று நான்கு மாதமாகிறது. சாயங்காலம் ஜன்னல் திறக்க முடியவில்லை. வந்து பார்த்த குத்தகையாளர், புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்கிறார். அடுத்த வாரம் குடியிருப்போர் கூட்டம். என்ன கேட்பது? – செயலாளர்

பதில்: அம்மா, புதிதாகக் கட்டும் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நின்ற ப்ளோவரில் பெல்ட் அறுந்திருக்கலாம், டைமர் கெட்டிருக்கலாம். முதலில் அதை ஒருவர் திறந்து பார்க்கட்டும்.

வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்பது நம் மலேசியக் கணக்கு. உங்கள் 42 வீடுகளுக்கு 47,250 லிட்டர். அத்தனை அழுக்கையும் தின்று தீர்ப்பது தொட்டியில் வாழும் கிருமிகள்தான். அவற்றுக்குக் காற்று வேண்டும். காற்று நின்றால் அவை செத்து, காற்றில்லாமல் வாழும் வேறு கிருமிகள் பெருகும். அழுகிய முட்டை நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. நல்ல தொட்டி மைலோ போலப் பழுப்பு நிறத்தில் இருக்கும், மண்வாசனை வரும். உங்களுடையது இப்போது கறுத்துப் போயிருக்கும்.

ஒன்றை மட்டும் கூட்டத்தில் முதலில் சொல்லுங்கள்: யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் தரும் அந்த வாயு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. என்னோடு வேலை செய்தவர் ஒருவர் பம்பை எடுக்க இறங்கி, ஏணியிலேயே மயங்கினார். கயிறு கட்டியிருந்ததால் இழுத்துப் போட்டோம், பிழைத்தார். அது ஆளைக் கொல்லும் வாயு என்று அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

31 வருடம் இந்த வேலை பார்த்தேன். என் முதல் நிலையத்தில் சாவிக்கொத்தும் ஆங்கிலத்தில் தடிமனான ஒரு கையேடும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பக்கத்து நிலையத்திலிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர்தான் ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியோடு வந்து கற்றுக் கொடுத்தார். காற்றடிக்கும் தொட்டியிலிருந்து மொண்டு, அரை மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். சேறு 200, 300 மில்லிலிட்டர் அளவுக்கு இறங்கி, மேலே தெளிந்த நீர் நின்றால் நிலையம் நலம். இறங்காமல் பஞ்சு மாதிரி மிதந்தால் ஏதோ கோளாறு. கையுறை போட்ட யாரும் இதைச் செய்யலாம். தினமும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் கெடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் 10,000 பேருக்கும் குறைவான சிற்றூர்களுக்கும் பூர்வகுடியினர் பகுதிகளுக்கும் இப்படிப் பக்கத்தில் நின்று கற்றுத் தர ஆட்களை அனுப்புகிறார்கள். ‘சர்க்கியூட் ரைடர்’ என்று பெயர். முன்பு குதிரையில் ஊர் ஊராகப் போன பாதிரிமாரை அப்படிச் சொல்வார்களாம். 1980இல் குடிநீருக்காகத் தொடங்கியது, கழிவுநீருக்கும் இன்று ஆட்கள் உண்டு. அவர்கள் எந்த இயந்திரத்தையும் விற்க வருவதில்லை. அதனால்தான் எனக்கு அந்த முறை மிகவும் பிடிக்கும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். நிலையம் யார் பொறுப்பில் இருக்கிறது? தோட்ட நிர்வாகமா, வீடு கட்டியவரா, தேசியக் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரிடம் ஒப்படைத்தாகிவிட்டதா? இதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், நீர்ச் சேவைகளைக் கண்காணிக்கும் ஸ்பான் ஆணையத்துக்கு எழுதுங்கள். 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, புது நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் பிஓடி, அதாவது மிச்ச அழுக்கைத் தின்னக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆற்றில் கீழே குடிநீர் எடுக்கும் இடம் இருந்தால் 20தான். அப்புறம், உங்கள் குடியிருப்பிலிருந்தே இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்பச் செலவு கேளுங்கள். சுற்றுச்சூழல் இலாகாவின் எய்மாஸ் கழகம் நிலையம் நடத்துவோருக்குச் சான்றிதழ்ப் பயிற்சி தருகிறது. ஒருவர் வேலை மாறிப் போனாலும் இன்னொருவர் இருப்பார்.

ப்ளோவர் ஓடத் தொடங்கினாலும் கிருமிகள் உடனே வந்துவிடாது. பழைய கறுப்புச் சேற்றை லாரியில் எடுக்கச் சொல்லி, நன்றாக ஓடும் வேறு நிலையத்துச் சேற்றைக் கொண்டுவந்து ஊற்றச் சொல்லுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். சில வாரம் பொறுக்க வேண்டும்.

கேள்வி: வீட்டு செப்டிக் டேங்கில் ஈஸ்ட் போட்டால் சேறு எடுக்க வேண்டியதில்லையாமே? – இல்லத்தரசி, தாப்பா

பதில்: போட வேண்டாம், அம்மா. தேவையான கிருமிகள் மலத்திலேயே இருக்கின்றன. சேறு எப்படியும் சேரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுங்கள். நிறைந்ததா என்று பார்க்க, மலைப்பக்கம் தெமியார் பூர்வகுடியினர் கிராமமொன்றில் நான் கற்றுக் கொடுத்த வழி: நீளக் கம்பில் வெள்ளைத் துண்டைச் சுற்றி, மேல்மூடி வழியாக அடிவரை விட்டு மெதுவாக எடுங்கள். துண்டில் கறுப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அதுவே சேறு. தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் லாரிக்குச் சொல்லுங்கள். அந்த ஊரில் ஓர் இளம்பெண் ஒரே காலையில் கற்றுக்கொண்டு, மறுநாள் ஒன்பது வீடுகளில் அளந்து எழுதிவைத்திருந்தாள். அளந்து முடிந்ததும் மூடியை இறுக்கி மூடுங்கள், பிள்ளைகள் விளையாடும் இடம்.