2017 மாடல் பத்து வீல் லாரி: வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி: ராசிபுரம் பக்கம் எனக்கு ஊர். 11 வருடமாக ஹெவி டிரைவர். ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாசிக் பக்கம் போய், வெங்காயத்தோடு திரும்புவேன். 2017 மாடல் பத்து வீல் லாரி ஒன்று 14 லட்சத்துக்கு வருகிறது. கையில் ஐந்தரை லட்சம் இருக்கிறது. பைனான்ஸில் 10 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். சொந்தமாக ஓட்டலாம் என்று ஆசை. வாங்கலாமா?

பதில்: ஆசைப்படுவதில் தப்பில்லை. போக லோடு, வர லோடு இரண்டையும் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். பாதி ஓனர்களுக்கு அதுவே கிடையாது. ஆனால் இந்த வண்டி, இந்த விலைக்கு வேண்டாம்.

முதல் காரணம் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பத்து வீலுக்கு அனுமதித்த மொத்த எடையை 2018 ஜூலையில் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். அதற்கு முன்னால் பதிவான வண்டிகளில் பெரும்பாலும் 25 டன் என்றே இருக்கும். வண்டி எடை சுமார் 9 டன் போனால், சட்டப்படி ஏற்ற முடிந்தது 16 டன். பக்கத்தில் நிற்கும் 2019 மாடல் 19 டன்னுக்கு மேல் ஏற்றும். டீசல், டோல், உங்கள் தூக்கம் எல்லாம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டன் கணக்கில் வரும் வாடகை மட்டும் குறைவு. 'எல்லாரும் ஓவர்லோடுதானே அடிக்கிறார்கள்' என்பீர்கள். மாட்டினால் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. முதலாளி வண்டியில் அது முதலாளி தலைவலி, இனிமேல் உங்களுடையது.

எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் வருடா வருடம் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) காட்ட வேண்டும். மற்ற மாநிலங்களுக்கு ஓட்டத் தேவையான நேஷனல் பெர்மிட், இரண்டு அச்சுக்கு மேல் உள்ள இந்த மாதிரி மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 வருடம் வரை கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது.

சரி, பணத்துக்கு வருவோம். 10 லட்சத்துக்கு 15 சதவீத வட்டி, 36 மாதம் என்று வைத்தால் மாதத் தவணை (டியூ) 34,700 ரூபாய் பக்கம் வரும். கையில் மிஞ்சுவது ஒன்றரை லட்சம். இன்சூரன்ஸில் தேர்ட் பார்ட்டி மட்டுமே, 2022-ல் நிர்ணயித்த கணக்குப்படி, 20 முதல் 40 டன் வரையான வண்டிக்கு 43,950 ரூபாய். நேஷனல் பெர்மிட் வருடத்துக்கு 16,500. காலாண்டு வரி, பெயர் மாற்றம், தார்ப்பாய், கயிறு எல்லாம் தனி. நாசிக் போய்வர 2,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 என்று கொடுத்தாலும் 650 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் டீசலே 58,500. லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ் அட்வான்ஸ் தரும், ஆனால் பாக்கி வாடகை கைக்கு வர நாளாகும். அது வருவதற்குள் டியூ தேதி வந்து நிற்கும். வண்டி வாங்கிய பிறகும் குறைந்தது இரண்டு லட்சம் தொடாமல் இருக்க வேண்டும். உங்களிடம் அது இல்லை.

அதனால் இன்னும் ஆறேழு மாதம் ஓட்டிச் சேர்த்துவிட்டு, 2018 கடைசி அல்லது 2019 மாடலைத் தேடுங்கள். பி.எஸ். 4 (பழைய புகை விதி) வண்டி, ஆர்.சி.யில் 28.5 டன் இருந்தால் எடுக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6-க்கு புகையைச் சுத்தமாக்கும் ஆட்ப்ளூ திரவம் ஊற்ற வேண்டும், சென்சார் கோளாறு என்றால் ரோட்டோரப் பட்டறையில் கைவைக்க மாட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் புது வண்டி மீது கண் போகும். நிரந்தர லோடு கையில் இல்லாமல் முதல் வண்டியைப் புதுசாக எடுத்தால் டியூ கழுத்தைப் பிடிக்கும்.

வண்டி பார்க்க விடியற்காலையில், சொல்லாமல் போங்கள். எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வந்தால் எஞ்சின் வேலை இருக்கிறது. மண்ணெண்ணெய்த் துணியால் சேஸ் நம்பரைத் துடைத்துப் படியுங்கள். பின் பட்டை (ஸ்பிரிங்) பிராக்கெட் பக்கம் மட்டும் பெயின்ட் பளபளத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் வெல்டிங் இருக்கும். டயரில் நானே ஏமாந்தவன். முதல் வண்டி வாங்கியபோது பத்தும் பளிச்சென்று இருந்தன, எல்லாம் ரீபில்டு, அதாவது பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியவை. ஹூப்ளி தாண்டுவதற்குள் இரண்டு வெடித்தன. முன் டயர் இரண்டும் கட்டாயம் ஒரிஜினலாக இருக்க வேண்டும்.

'டியூவைக் கட்டிக்கொண்டு ஓட்டுங்கள், பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய கடன் தீர்ந்ததற்கான பைனான்ஸ் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30-ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நிலுவை அபராதம் பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

கணக்கில் உங்கள் சம்பளத்தையும் பேட்டாவையும் செலவாக எழுதுங்கள். அதை எழுதாமல் லாபம் என்று நினைப்பவர்கள்தான் நிறைய. வருமான வரியில் பத்து லாரி வரை வைத்திருப்பவருக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டும் வழி இருக்கிறது, 28.5 டன்னுக்கு வருடம் 3,42,000. லோடு தருபவரிடம் பான் எண்ணும் உறுதிமொழியும் கொடுத்துவிட்டால் வாடகையில் முன்கூட்டியே வரி (டி.டி.எஸ்.) பிடிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. இப்போதைய முதலாளியிடம் மனஸ்தாபம் இல்லாமல் விலகுங்கள். அவர் வண்டிக்குப் போக மிஞ்சும் ஜவ்வரிசி லோடுதான் உங்கள் முதல் ஆறு மாத டியூவைக் கட்டப்போகிறது.